இருமல் நின்றாலும் மாத்திரை நிற்கக் கூடாது



நெஞ்சுச் சளிக்கும் இருமலுக்கும் கொடுக்கிற அன்டிபயோட்டிக் மருந்துகளைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். நான் டாக்டர் இல்லை, நலன்புரி உத்தியோகத்தர். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் மருந்து கைக்கு வந்த பிறகு லயத்துக்குள்ளே அது என்ன பாடு படுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து நாளைக்குக் கொடுத்த மாத்திரையில் இரண்டு நாள் போட்டதும் மிச்சம் சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விடும். அடுத்த மாதம் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு இருமல் வந்தால் அங்கேயிருந்து இறங்கி வரும். கொடுத்தவருக்குப் புண்ணியம், வாங்கினவருக்குக் காசு மிச்சம் என்று நினைக்கிறோம். அதனால் வருகிற கெடுதல் என்ன என்றுதான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். டிபி என்கிற காசநோய் மாத்திரையைப் பற்றிக் கூடுதலாக எழுதுவேன். நடுவில் நிறுத்தினால் ஆளையே கொண்டுபோகிற விஷயம் அதுதான்.

எல்லா இருமலுக்கும் ஒரே மருந்தா?

தடிமன், மூக்கு ஒழுகல், தொண்டைக் கரகரப்பு, இரண்டு மூன்று நாள் காய்ச்சல், இதெல்லாம் பெரும்பாலும் வைரஸ் என்கிற கிருமியால் வருகிறது. அன்டிபயோட்டிக் வைரஸைத் தொடாது. பாக்டீரியா என்கிற வேறு வகைக் கிருமியைத்தான் கொல்லும். "டாக்டர் ஐயா வெறும் பனடோலக் குடுத்து அனுப்பிட்டாருங்க" என்று குறை சொல்லிக்கொண்டு டவுன் பாமசிக்குப் போய் நாலு கெப்சியூல் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தடிமன் தானாகவே ஒரு வாரத்தில் போகும். கெப்சியூல் போட்டதால் போனது என்று பெயர் அதற்குக் கிடைத்துவிடும்.

பாக்டீரியாவால் வருகிற நியூமோனியா வேறு. அது சிறு பிள்ளைகளை ஓரிரு நாளிலே சாய்த்துவிடும். அதற்கு அன்டிபயோட்டிக் கட்டாயம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். தாய்மார் இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் சும்மா இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தை என்றால் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் என்றால் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியோ மழையோ, தோட்டத்து லொறியைக் கேட்டாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பெரியவர்களுக்கு வேறு கணக்கு. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைச் சோதிக்க வேண்டும். இருமலோடு சாயந்தரக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, மெலிவு, சளியில் இரத்தம் என்று ஏதாவது சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இலங்கையில் கோவிட் வந்த வருடங்களை விட்டால், வருடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேர் அளவில் புதிதாகக் காசநோய் என்று பதிவாகிறார்கள். சோதனைக்கும் மருந்துக்கும் அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் ஐந்து சதம்கூட வாங்குவதில்லை.

ஒரு மருந்து ஏன் போதாது?

காசநோய்க்கு முதன்முதலாகக் கிடைத்த அன்டிபயோட்டிக் ஸ்ட்ரெப்டோமைசின். 1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனின் கீழ் வேலை செய்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்து எடுத்தார். 1952இல் அதற்கு நோபல் பரிசு வந்தபோது வாக்ஸ்மனுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். வேலை ஒருவருக்கு, பேர் இன்னொருவருக்கு என்ற கதை நமக்குப் புதிது இல்லைதானே.

அதுவரை காசநோய்க்கு ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று என்பதைத் தவிர பெரிய வைத்தியம் கிடையாது. பிரித்தானியாவில் 107 நோயாளிகளை வைத்து இந்த மருந்தைச் சோதித்து 1948இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்ட 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கையில் ஓய்வு மட்டும் கொடுத்த 52 பேரில் 14 பேர். எல்லோரும் அதிசயித்தார்கள். ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஊசி போட்டுத் தேறியவர்களில் பலருக்கு நோய் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது அதே ஊசி வேலை செய்யவில்லை. ஐந்து வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

காரணம் இதுதான். நுரையீரலில் காசநோய் அரித்த ஒரு குழிக்குள் பத்துக் கோடிக் கிருமிகள்கூட இருக்கலாம். ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒரு கிருமி, ஸ்ட்ரெப்டோமைசின் பட்டாலும் சாகாத கிருமியாகப் பிறவியிலேயே இருக்கும். அப்படியென்றால் அந்தக் குழிக்குள் சாகாத கிருமி நூறு இருக்கும். ஊசி மற்றதையெல்லாம் கொன்று இடத்தைக் காலி பண்ணிக் கொடுக்க, அந்த நூறு பெருகி மறுபடியும் குழியை நிரப்பும். இப்போது அங்கே இருப்பது முழுக்க முழுக்க ஊசிக்குப் பயப்படாத கூட்டம். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நிலைமை மாறுகிறது. ஒன்றுக்குத் தப்புகிற கிருமி இன்னொன்றில் மாட்டும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தப்புகிற கிருமி கோடியில் ஒன்றுகூட இல்லை.

இதனால்தான் இன்றைக்கு ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பிராசினமைட், எதம்பியூட்டோல் என்ற நாலு மருந்தையும் ஒரே மாத்திரையில் சேர்த்து முதல் இரண்டு மாதம் கொடுக்கிறார்கள். பிறகு நாலு மாதம் ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும். "இத்தனை மாத்திரையா" என்று மலைத்து, இன்றைக்கு ரெண்டு, நாளைக்கு ரெண்டு என்று பிரித்துப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்குச் சொன்ன அளவை ஒரே வேளையில், வெறும் வயிற்றில் போட வேண்டும். குறைத்துப் போடுவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பது மாதிரி.

சென்னையில் நடந்த ஒரு சோதனை

நம்ம ஆட்களுக்கு இன்னொரு பயம் இருக்கிறது. டிபி என்று பெயர் வைத்துவிட்டால் வீட்டை விட்டுத் தூரத்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் போட்டுவிடுவார்கள், வேலை போய்விடும், லயத்தில் ஒருவரும் அண்ட மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்தாலேயே சளிச் சோதனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அந்த நிலைமையை உலகம் முழுவதும் மாற்றிய சோதனை நடந்தது தமிழ் பேசுகிற நாட்டிலேதான் என்பது பலருக்குத் தெரியாது.

1956ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையும் சேர்ந்து செய்த வேலை. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் பொறுப்பாக இருந்தார். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே வைத்தியம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். சானடோரியத்தில் கட்டில் இருந்தது, நல்ல சாப்பாடு இருந்தது, ஓய்வு இருந்தது, பார்த்துக்கொள்ளத் தாதிமார் இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களோ நெருக்கமான சின்ன வீட்டில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தார்கள். நம்முடைய லயத்து வாழ்க்கைக்குப் பெரிதாகத் தூரம் இல்லை.

ஒரு வருடம் முடிந்து பார்த்தார்கள். நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர், வீட்டில் நூற்றுக்கு 86 பேர். அவ்வளவு வசதிக்கும் இவ்வளவுதான் வித்தியாசம். இன்னும் முக்கியமான முடிவு ஒன்று உண்டு. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. தொற்றியது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்னாலே, நோய் என்று தெரியாமல் இருமிக்கொண்டு இருந்த காலத்திலே. ஆகவே ஆளைக் கொண்டுபோய்த் தள்ளி வைப்பதைவிட, சீக்கிரமாக மருந்தைத் தொடங்குவதுதான் வீட்டாருக்குப் பாதுகாப்பு. இதை 1959இல் வெளியிட்ட பிறகு உலகத்தில் சானடோரியங்களுக்கு இருந்த மதிப்புக் குறைந்து, வீட்டு வைத்தியம் வழக்கத்துக்கு வந்தது. அந்த நிலையம் இன்றும் அதே சேத்துப்பட்டில், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் இருக்கிறது.

இதிலே எனக்குப் பிடித்த பகுதி வேறு. மருந்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, "போட்டீங்களா?" என்று கேட்டு "ஆமா" என்ற பதிலை அவர்கள் நம்பிவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உடம்புக்குள் போனதா என்று பார்த்தார்கள். உண்மையாகவே நோயைக் குணப்படுத்தவேண்டும் என்ற ஆள் மாத்திரை மறப்பது மனித குணம் என்று புரிந்துகொண்டுதான் இருப்பான். பிறகு அதே சென்னையில், வாரத்துக்கு இரண்டு முறை நோயாளி வந்து, ஊழியர் கண்முன்னால் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட் மாத்திரையும் எடுக்கிற முறையைச் சோதித்து 1964இல் வெளியிட்டார்கள். அது நன்றாகவே பலித்தது. இன்றைக்கு நம்ம டிஸ்பென்சரியில் ஐயாவோ, குடும்ப நல மாதுவோ "எனக்கு முன்னாலேயே முழுங்குங்க" என்று நிற்க வைக்கிறார்களே, அதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அது உங்கள் மேல் உள்ள சந்தேகம் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கவ்வாத்து வெட்டிய செடி

மருந்து தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் இருமல் குறையும். பசி எடுக்கும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறி, முகம் தெளிந்து, கொழுந்துக் கூடையை மறுபடி தலையில் மாட்டிவிடலாம். ஆபத்து ஆரம்பிக்கிற இடம் இதுதான்.

கவ்வாத்து வெட்டிய மலையை நினைத்துப் பாருங்கள். இலை கிடையாது, கிளை கிடையாது, வெறும் கட்டை. தேயிலை தெரியாத ஆள் பார்த்தால் மலை செத்துப்போச்சு என்று சொல்வான். நமக்குத் தெரியும், வேர் உயிரோடு இருக்கிறது, மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத் துளிர் விடும். காசநோய்க் கிருமியும் இப்படித்தான். மற்றக் கிருமிகள் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகப் பெருகும்போது இது இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். கொஞ்சம் கிருமி பெருகவே பெருகாமல் தூங்கிக் கிடக்கும். தூங்குகிற கிருமியை மருந்து சுலபமாகக் கொல்லாது. அது விழிக்கும்போது மருந்து இரத்தத்தில் காத்திருக்க வேண்டும். அந்தக் காவலுக்குத்தான் மிச்ச நாலு மாதம்.

என் தாய்மாமா ஒருவர் தர்மபுரத்தில் இருக்கிறார். கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ரோட்டில் உள்ள ஊர். இதை வாசிக்கிற பலருக்கும் அங்கே சொந்தம் இருக்கும். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி வந்தபோதும், 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையை விட்டு வன்னிக்குப் போன நம்ம ஆட்களில் நிறையப் பேர் குடியேறிய இடங்களில் அதுவும் ஒன்று. காடு வெட்டி, கிணறு வெட்டி, கொழுந்து பறித்த கை அங்கே நெல் அறுத்தது.

மாமாவுக்கு 1990களில் காசநோய் வந்தது. முதல் மூன்று மாதம் மாத்திரை போட்டார், குளிசை என்பார்கள் அங்கே. இருமல் நின்றது. அறுவடை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும், அது யுத்த காலம், வன்னிக்கு மருந்து வருவதும் சிரமமாக இருந்த காலம். அவர் நிறுத்திவிட்டார். அடுத்த மழைக்கு இரத்தமாக இருமினார். இரண்டாம் முறை எட்டு மாத வைத்தியம். அதிலே முதல் இரண்டு மாதமும் தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. பெரிய ஊசி, உட்கார முடியாது என்பார். குணமாகிவிட்டார், இன்றைக்கு எழுபது தாண்டி இருக்கிறார். ஆனால் காதில் வண்டு இரைகிற மாதிரிச் சத்தம் அன்றைக்கு வந்தது, இன்றுவரை போகவில்லை. டெலிபோன் மணி அடித்தால் கேட்பதில்லை.

ஸ்ட்ரெப்டோமைசின், கனாமைசின், அமிகாசின், ஜென்டாமைசின், டோப்ராமைசின் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். அமினோகிளைகோசைட் என்று அந்தக் குடும்பத்துக்குப் பெயர். பலசாலிதான், ஆனால் காதின் உள் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் குணம் உண்டு. காதில் போன கேள்வி திரும்பி வராது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் இந்த எட்டு மாத ஊசி முறையை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நோய் திரும்பி வந்தால் இப்போது முதலில் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சளியைச் சோதிக்கிறார்கள். எக்ஸ்பர்ட் என்ற கருவி ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதை இரண்டு மணித்தியாலத்தில் சொல்லிவிடும். அடங்காத நோய் இலங்கையில் குறைவு. குறைவாக இருப்பது மாத்திரையை ஒழுங்காக முடித்தவர்களின் புண்ணியம் என்றே நான் சொல்வேன்.

மூச்சால் இழுக்கிற அன்டிபயோட்டிக்

நோய் போனாலும் மாமாவின் நெஞ்சில் தழும்பு நின்றுவிட்டது. நுரையீரலில் காற்றுப்போகிற குழாய்கள் சில இடத்தில் விரிந்து, தொய்ந்துபோய்விட்டன. அந்தத் தொய்வில் சளி தேங்கும், தேங்கிய இடத்தில் வேறு கிருமிகள் குடியேறும். மழைக்காலம் வந்தால் கோப்பை கோப்பையாக மஞ்சள் சளி. பக்கத்து வீட்டார் டிபி திரும்பிவிட்டது என்றே நினைத்தார்கள். சளியைச் சோதித்ததில் டிபி இல்லை.

கனடாவில் இருக்கும் அவர் மகன், "அப்பா, இங்க மூச்சால இழுக்கிற அன்டிபயோட்டிக் இருக்கு" என்று டெலிபோனில் சொல்லியிருக்கிறார். மாமா என்னிடம் கேட்டார். நான் எங்கள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இந்த அமினோகிளைகோசைட் மருந்துகளை மாத்திரையாகக் கொடுக்க முடியாது. வாயால் விழுங்கினால் குடல் அதை இரத்தத்துக்குள் விடாது. ஊசியாகத்தான் போட வேண்டும். ஊசி போட்டாலோ உடம்பு முழுக்கச் சுற்றி, காதையும் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டு, சளிக்குள் கொஞ்சமாகத்தான் போய்ச் சேரும். அதனால் மருந்தைப் பனிமாதிரி நுண்ணிய துளியாக்கி, மூச்சோடு நேராக நுரையீரலுக்கே அனுப்பினால் என்ன என்று யோசித்தார்கள். அமெரிக்காவில் 1997இல் டோப்ராமைசினை இப்படி இழுக்க அனுமதி கொடுத்தார்கள். அது வெள்ளைக்காரர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிற ஒரு பரம்பரை நெஞ்சு நோய்க்கு. 2018இல் அமிகாசினை நுண்ணிய கொழுப்புக் குமிழ்களுக்குள் அடைத்து இழுக்கிற மருந்துக்கு அனுமதி வந்தது. அது காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி உள்ள வேறொரு கிருமிக்கு, அதுவும் மாத்திரைகளை ஆறு மாதம் போட்டும் அடங்காதவர்களுக்கு மட்டும். விலை பெரிய விலை. காது பாதிப்பது குறைவு என்றாலும் இருமலும் குரல் கம்மலும் பலருக்கு வருகிறது. மாமாவின் மாதிரி விரிந்த குழாய் உள்ளவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் நிபுணர் சளியில் உள்ள கிருமியைப் பார்த்து இந்த வகை மருந்தைக் கொடுப்பதும் உண்டு. சாதாரண டிபிக்கு இது மருந்து இல்லை. அந்த ஆறு மாத மாத்திரைக்குப் பதிலாக இழுக்கிற மருந்து கேட்டால் கிடைக்காது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். முட்டு வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி நெபுலைசர் பிடிக்கிறார்கள். அதில் வழக்கமாக இருப்பது மூச்சுக்குழாயை விரிக்கிற சல்பியூட்டமோல் என்ற மருந்து. அன்டிபயோட்டிக் கிடையாது, கிருமியைக் கொல்லாது. "நெபுலைஸ் பண்ணியாச்சு, இனி மாத்திரை எதுக்கு" என்று ஒரு தலைவரே கேட்டதால் எழுதுகிறேன். அதேபோல ஊசி மருந்தை வாங்கி வீட்டு நெபுலைசரில் ஊற்றிப் பிடிப்பது மகா ஆபத்து. மூச்சுக்குழாய் சட்டென்று இறுகிவிடும்.

மாமாவுக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் செலவில்லாதது. காலையிலும் சாயந்தரமும் தலையணை மேல் நெஞ்சைத் தாழ்த்திப் படுத்து, முதுகில் தட்டிச் சளியை வெளியே எடுப்பது. பீடியை விடுவது. சளியின் நிறம் மாறினால் வந்து காட்டி, கொடுக்கிற அன்டிபயோட்டிக்கை முழு நாளும் போடுவது.

மாத்திரை போடும் காலத்தில்

ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். கண்ணீர், வேர்வைகூட நிறம் மாறும். இரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கண் மஞ்சளானாலும், வாந்தி நிற்காவிட்டாலும், பார்வை மங்கினாலும், சிவப்பு பச்சை நிறம் பிரித்துத் தெரியாவிட்டாலும் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். கை கால் எரிச்சல், விறைப்பு வந்தால் அதற்கு விட்டமின் மாத்திரை இருக்கிறது. கசிப்பு, சாராயம் எதுவும் அந்த ஆறு மாதம் வேண்டாம், இந்த மாத்திரைகளைத் தாங்குகிற வேலையே ஈரலுக்குப் போதும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை போடுகிற பெண்கள் மாதுவிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, பிறகு சங்கடப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

ஒரே காம்பராவில் இருக்கிறவர்கள், விசேஷமாக ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், சோதனைக்குப் போக வேண்டும். கோப்பை, பீங்கான் தனியாக வைப்பதால் பயன் இல்லை, இந்த நோய் காற்றால் வருகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிர்தான், தெரியும். பகலிலாவது திறந்து வையுங்கள்.

கூலி போகிற கவலை பெரிய கவலை. வறிய நோயாளிகளுக்கு உதவிப்பணம் கிடைக்க வழி இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேட்க நான் எழுதித் தருகிறேன், ஆபீசுக்கு வாருங்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுக்கும் நேரத்தை ஐயாவோடு பேசி ஒழுங்குபண்ணலாம்.

கடைசியாக, ஊருக்குப் போகிறவர்களுக்கு. தைப்பொங்கலுக்கும் அறுவடைக்கும் தர்மபுரம், விசுவமடு என்று போய் ஒரு மாதம் இரண்டு மாதம் தங்கிவிடுகிறீர்கள். போகலாம், தடை இல்லை. போவதற்கு ஒரு வாரம் முன்னாலே உங்கள் மார்பு நோய் கிளினிக்கில் எங்கே போகிறீர்கள், எத்தனை நாள் என்று சொல்லுங்கள். சில நாள் என்றால் மாத்திரையைக் கையிலே தருவார்கள். அதிகம் தங்குவதென்றால் கிளிநொச்சிக் கிளினிக்குக்கு மாற்றுக் கடிதம் தருவார்கள், அங்கே போய்க் காட்டினால் விட்ட இடத்திலிருந்து மருந்து தொடரும், தர்மபுரத்திலேயே யாரிடம் தினமும் போடலாம் என்றும் ஒழுங்குசெய்து கொடுப்பார்கள். இரண்டாம் மாதக் கடைசியிலும், ஐந்தாம் மாதத்திலும், முடியும்போதும் சளிச் சோதனை இருக்கிறது. அந்த நாள் பயணத்துக்குள் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை அட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். போன வருடம் வவுனியாவில் பஸ் மாறும்போது பெட்டியைத் தவறவிட்ட ஒரு அம்மா, அட்டை கையில் இருந்ததால் மறுநாளே கிளிநொச்சியில் மருந்து வாங்கிக்கொண்டார்.